மஞ்சள் விளக்கும் உன் அப்பாவின் இடப்பக்கமும்

வியாழன், பிற்பகல்

என் செல்ல மகளுக்கு,

இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், பெரியம்மாவின் முழங்கால் சுகம், நம் கிழட்டுக் காரும் சுகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தின் நடுவில் ஓர் இடத்தில் உனக்குப் பதற்றம் வரும், அப்போது மேலே வந்து இந்த வரியை இன்னொரு தரம் படித்துக்கொள். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலையைக் காயவைத்துவிட்டுப் படுத்து, நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு அம்மா எதற்குப் பேனாவைத் தூக்கினாள் என்று யோசிப்பாய். நான் உன்னோடு போனில் பேச ஆரம்பித்தால் போதும், உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, நான் சொல்கிற ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டே இருக்கிறார். இன்று நான் எழுதப்போவதோ தலைமுதல் கால்வரை அவரைப் பற்றிய கோள். கோள் சொல்வதற்குக் கடிதத்தைப் போல வசதி வேறில்லை, குறுக்கே பேச ஆள் கிடையாது.

காரில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று உனக்குத் தெரியும். ஒரு குட்டிக் கார், அதன் பின்னால் இரண்டு பாம்புகள் நெளிகிற மாதிரி கோடு, அந்தப் படம். கார் சறுக்காமல் பிடித்து நிறுத்துகிற ஏற்பாடு வேலை செய்யவில்லை என்று அதற்கு அர்த்தமாம். வண்டியை அணைத்து மறுபடி கிளப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி அணைந்துவிடும். ஒரு நாள் எரியும், நாலு நாள் எரியாது. இதில் வேடிக்கை என்ன என்றால் அது உன் அப்பா ஓட்டும்போது ஒரு தரம்கூட எரிந்ததில்லை, நான் ஓட்டினால்தான் எரிந்தது. கேட்கவும் வேண்டுமா? முப்பத்து மூன்று வருஷம் லைசென்ஸ் தேர்வு எடுத்த அதிகாரி, நடைபாதைக் கல்லில் சக்கரம் லேசாக உரசினாலே "போய் ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்று எத்தனையோ பேரைக் கண்கலங்க அனுப்பிவைத்த மனிதர், சும்மா இருப்பாரா? "கார்ல ஒரு கோளாறும் இல்ல, நீ ஸ்டீயரிங்கைத் திருப்புற திருப்புக்குக் காரே பயந்து விளக்கைப் போடுது" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழியையும் எடுத்துவிட்டார். சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நீயாவது என் பக்கம் நிற்பாய் என்று பார்த்தால், மழையில் கார் சறுக்காமல் ஓட்டுவது எப்படி என்று மூன்று வீடியோ அனுப்பிவைத்தாய். அதோடு "அம்மா, கொஞ்ச நாள் ஓட்டாம இரேன்" என்று தேன் தடவின குரலில் ஒரு புத்திமதி வேறு. அந்த வீடியோக்களை நான் பார்க்கவில்லை என்பதை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

எனக்கு ஓட்ட முடியாதது பெரிய விஷயம் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் பெரியம்மாவை முழங்கால் பயிற்சிக்கு நான்தானே அழைத்துப்போவேன்? உன் அப்பா தான் அழைத்துப்போவதாகச் சொன்னார், இரண்டு தரம் போனார், மூன்றாம் தரம் ஏதோ சாக்குச் சொல்லி நின்றுவிட்டார். பெரியம்மா கையில் ஊன்றுகோலோடு பஸ்ஸில் போய், இறங்கும்போது தடுமாறி, யாரோ ஒரு புண்ணியவதி பிடித்துக்கொண்டதால் பிழைத்தாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஒரு முடிவு எடுத்தேன். முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லேப்பில் உட்கார்ந்து ஒரு சொட்டு ரத்தத்தில் கிருமி தேடினவளுக்கு, ஒரு விளக்கு எப்போது எரிகிறது என்று தேடத் தெரியாதா? உன் பழைய வரைபட நோட்டு ஒன்று பாதி காலியாகக் கிடந்தது, அதை எடுத்துக் கட்டம் போட்டேன். தேதி, மழையா வெயிலா, இஞ்சின் சூடா ஆறினதா, வேகம் எவ்வளவு, ஸ்டீயரிங் எந்தப் பக்கம், ஓட்டியது யார்.

சாவி அவரிடம் இருக்கும்போது நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்பாய். அதுதான் முதல் துப்பு, அப்போது எனக்கு உறைக்கவில்லை. சில மாதமாகவே உன் அப்பா ஒரு புது வழக்கம் வைத்திருந்தார். எங்கே போய்விட்டு வந்தாலும் கேட்டுக்கு வெளியே தெருவிலேயே காரை நிறுத்திவிட்டு இறங்கி, "நீ உள்ள கொண்டுபோய் நிறுத்து, உனக்கும் பழகணும்ல" என்பார். என்ன பெருந்தன்மை என்று நான் பூரித்துப்போனேன். எனக்குத் தடை போட்ட பிறகும் இந்தப் பத்தடிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. தெருவில் ஓட்டக் கூடாது, கேட்டிலிருந்து வாசல்வரை ஓட்டலாம். அப்படி ஒரு பத்தடி லைசென்ஸ் இந்த உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கும்.

நடுவில் உன் அப்பா காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். நம் மெக்கானிக்கை உனக்கு நினைவிருக்கும், எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பாரே, அதனாலேயே நான் அவருக்குப் பார்க்கலாம் என்று பேர் வைத்தேனே, அவர்தான். விளக்கு ஏன் எரிகிறது? பார்க்கலாம். எப்போது கிடைக்கும்? பார்க்கலாம். அங்கே போனதும் விளக்கு எரியவே இல்லை. வீட்டில் ராத்திரி முழுக்கக் கத்தின குழந்தை டாக்டரைப் பார்த்ததும் பொக்கைவாயைக் காட்டிச் சிரிக்குமே, அந்த மாதிரி. அவர் தன்னிடம் இருந்த சின்ன ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார், ஒரு தப்பும் இல்லை என்று காட்டியது. "இந்த மிஷின் இஞ்சினோடதான் சார் பேசும், பிரேக் பெட்டியோட பேச இதுக்கு பாஷை தெரியாது" என்று உண்மையை ஒப்புக்கொண்டார். டயருக்குக் காற்றுப் பார்த்தார், பேட்டரியைச் சோதித்தார், பிரேக் மிதித்தால் பின்விளக்கு எரியவைக்கிற சின்ன சுவிட்சை மாற்றினார், பழைய காரில் பல சமயம் அதுதான் காரணமாம். மறுநாள் கேட்டருகே நான் திருப்பினேன், விளக்கு டிங் என்று எரிந்தது. உன் அப்பா அசராமல், "பார்த்தியா, சுவிட்சும் புதுசு, இனிமே மாத்த வேண்டியது டிரைவரைத்தான்" என்றார்.

நோட்டில் பத்தொன்பது வரி சேர்ந்ததும் ஒரு மத்தியானம் மேஜையில் விரித்துப் பார்த்தேன். மழையிலும் எரிந்திருக்கிறது, வெயிலிலும் எரிந்திருக்கிறது. சூடானாலும் ஆறினாலும் ஒன்றுதான். ஸ்டீயரிங் கட்டத்துக்கு வந்தேன், பத்தொன்பதிலும் ஒரே பதில். வலது பக்கம், கடைசிவரை. பாதி திருப்பினால் எரியாது, இடது பக்கம் எவ்வளவு திருப்பினாலும் எரியாது. நம் கேட்டுக்குள் நுழைய வலது பக்கம் முழுசாக ஒடிக்க வேண்டும், முழங்கால் பயிற்சி நிலையத்தில் வண்டியைத் திருப்பவும் அப்படித்தான். எனக்கு எழுந்து ஆடலாம் போல் இருந்தது. ஆடிவிட்டும் வந்தேன், சமையலறையில், யாரும் பார்க்கவில்லை. அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்தது. உன் அப்பா ஒரு தரம்கூடவா வலது பக்கம் முழுசாக ஒடித்திருக்க மாட்டார்? கவனித்தேன். திரும்பி வர வேண்டும் என்றால் இருந்த இடத்தில் திருப்பாமல், பூங்காவைத் தாண்டி ரவுண்டானாவரை போய் ஊர்வலம் மாதிரி சுற்றிக்கொண்டு வருகிறார். கேட்டுக்குள் தானே கொண்டுவருவதே இல்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. நாலு சக்கரத்தில் மூன்றின் மூடி பழையது, கீறல் விழுந்து மங்கிப்போனது. முன்னால் இடது சக்கரத்துக்கு மட்டும் புத்தம்புது மூடி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று. என்னங்க இது என்று கேட்டதற்கு, பழையது எங்கேயோ விழுந்துவிட்டது என்றார். அதோடு பேச்சை மாற்றி உன்னைப் பற்றிக் கேட்டார். உன்னைப் பற்றிக் கேட்டால் நான் எல்லாவற்றையும் மறந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

நோட்டையும் எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பினேன். என் காரை நான் இல்லாமல் யாரும் தொடக் கூடாது என்று உன் அப்பாவும் வந்தார். பார்க்கலாம் என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "அம்மா, வண்டிக்கு ஜாதகமே எழுதிட்டீங்களே" என்றார். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் காலி மைதானம் இருக்கிறது. நான் ஓட்ட, அவர் என் பக்கத்தில் உட்கார, உன் அப்பா பின் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு தேர்வாளர் முகத்தோடு உட்கார்ந்தார். இடது பக்கம் இரண்டு வட்டம் போட்டேன், ஒன்றும் இல்லை. வலது பக்கம் பாதி ஒடித்து ஒரு வட்டம், ஒன்றும் இல்லை. பின்னாலிருந்து ஒரு கனைப்பு. வலது பக்கம் கடைசிவரை ஒடித்தேன், டிங். பார்க்கலாம் சீட்டிலேயே ஒரு குதி குதித்து, "வந்துட்டாரு, வந்துட்டாரு!" என்றார், ஏதோ மந்திரி வந்து இறங்கின மாதிரி. பக்கத்துக் கடையிலிருந்து பெரிய ஸ்கேனரை இரவல் வாங்கிவந்து செருகினார். அது பிரேக் பெட்டியோடு சரளமாகப் பேசியது. முன் இடது சக்கரம், அதன் வேகத்தைச் சொல்கிற சென்சாரிலிருந்து சேதி அறுந்து அறுந்து வருகிறது என்று காட்டியது. சரி, சென்சாரை மாற்றிவிடுங்கள் என்று உன் அப்பா அவசரப்பட்டார். நான், "சென்சார் கெட்டிருந்தா எந்தப் பக்கம் திருப்பினாலும் எரியணுமே, வலது பக்கம் திருப்பினா மட்டும் ஏன்? ஒயர் எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு மாத்துங்க" என்றேன். பார்க்கலாம் என்னை ஒரு பார்வை பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அவர் பார்க்கலாம் என்று சொல்லாமல், "பார்த்துடுவோம்" என்றார்.

காரைத் தூக்கி நிறுத்தி, டார்ச்சை அடித்துக்கொண்டு அடியில் போனார். அப்புறம், "அம்மா, இங்க வாங்க" என்றார். சக்கரத்துக்குப் பின்னால் சென்சாரின் ஒயரை வண்டி உடம்போடு சேர்த்துப் பிடித்திருக்கிற கிளிப் உடைந்திருந்தது. ஒயர் தொங்கிக்கொண்டு, வலது பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் விறைப்பாக இழுபட்டு இழுபட்டு, வெளித்தோல் முழுசாக இருக்க உள்ளே கம்பி அறுந்துபோயிருந்தது. இழுத்தால் பிரியும், விட்டால் ஒட்டும். அதனால்தான் இந்தக் கண்ணாமூச்சி. "இந்தக் கிளிப் தானா உடையாது. சக்கரம் எங்கேயோ கல்லு மேல ஏறி இறங்கியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே அந்த மாப்பிள்ளை மூடியைக் கழற்றினார். உள்ளே ரிம்மின் ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு மடங்கியிருந்தது. மடங்கின இடத்துக்கு யாரோ சில்வர் பெயின்ட் அடித்திருந்தார்கள். நம் வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடித்த அதே பெயின்ட், அதே கோணல் தூரிகை. நானும் பார்க்கலாமும் ஒன்றாகத் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தோம். அவர் ஒர்க்‌ஷாப் கூரையில் எத்தனை தகடு என்று எண்ணிக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தது. மகளே, உனக்கு ஒரு விஷயம் தெரியாது, எனக்கும் அன்றுதான் தெரியும். பார்க்கலாம் பத்தொன்பது வயதில் லைசென்ஸுக்குப் போனபோது தேர்வு எடுத்தது உன் அப்பாதானாம். நடைபாதைக் கல்லில் உரசினதற்கு இரண்டு தரம் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த மனிதர் கையைத் துணியில் நிதானமாகத் துடைத்தார், மரியாதையாக நின்றார், "பரவால்ல சார். ஆறு வாரம் கழிச்சு வாங்க" என்றார். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்துவிட்டது. "யானைக்கும் அடி சறுக்கும்ங்க, அதுக்குத்தானே காருக்குள்ள அந்தப் படத்தையே போட்டு வச்சிருக்காங்க" என்றேன். ஒயரில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் புதிதாக ஒட்டி, புதுக் கிளிப் போட்டு, மைதானத்தில் வலது பக்கம் பத்து வட்டம் சுற்றினோம். விளக்கு எரியவில்லை, இன்றுவரை எரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். சாவியை நான் கேட்கவில்லை, அவரே என் கையில் வைத்தார். தபால் நிலையத்துக்குப் பக்கத்துச் சிக்னலில் நிற்கும்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்து சிரிப்பு அடங்கிப்போயிற்று. போன மாதம் இதே இடத்தில் அவர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, இடது பக்கத்தில் தபால்காரப் பெண் சைக்கிளில் வந்தாள். நான் கத்தினேன், அவர் பிரேக் போட்டார், ஒரு முழம் தள்ளி அவள் தப்பினாள். "திடீர்னு வந்துட்டாங்க" என்றார், நானும் நம்பினேன். ஆனால் அவள் திடீரென்று வரவில்லை, மூன்று கடை தூரம் நம் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தாள். இடது சக்கரம், இடது பக்கத்துச் சைக்கிள், கேட்டின் இடது தூண் பக்கம் போகப் பயம். பெண்ணே, காருக்குக் கட்டம் போட்டவள் கட்டின புருஷனுக்குக் கட்டம் போடாமல் இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து, "வலது கண்ணைக் கையால மூடுங்க" என்றேன். எதுக்கு என்றார். மூடுங்க என்றேன். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தட்டைத் தூக்கிப் பிடித்து, "என் கையில என்ன இருக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்ணும் இல்ல" என்றார். நான் தட்டைக் கீழே வைத்தபோது வந்த சத்தத்தில் அவருக்கே புரிந்துவிட்டது. ஆறு மாதமாக இடது கண்ணில் பனி மூடின மாதிரி இருக்கிறதாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா ஓட்டக் கூடாதுன்னு சொல்லுவே" என்றார். "ஓட்டலேன்னா என்ன, குடியா முழுகிப்போகும்?" என்றேன். அவர் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "டிசம்பர்ல பொண்ணு வர்றா. ஏர்போர்ட்டுக்கு யாரு போறது?" என்றார். ஏழு வருஷமாக ஒவ்வொரு தரமும் அவர்தானே வந்து நிற்கிறார், விமானம் இறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே? அந்த ஒன்றை விட மனசு வராமல்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. "நான் போவேனே" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி ஒரு வழி இருக்கிறது என்பது ஆறு மாதத்தில் ஒரு தரம்கூட அவர் மூளைக்கு எட்டவில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. அழுகை போய்க் கோபம் மட்டும் மிச்சம்.

இப்போது மேலே போய் முதல் வரியைப் படித்துவிட்டு வா. வெறும் கண்புரைதான், வலது கண்ணிலும் லேசாக ஆரம்பித்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று கண் டாக்டர் அம்மா சொன்னார். ஆபரேஷன் முடிந்து இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. நீ பதறிக்கொண்டு டிக்கெட் எடுப்பாய் என்றுதான் அப்போது சொல்லவில்லை, அதற்கு என்னை நீ திட்டலாம், அந்தத் திட்டை மட்டும் வாங்கிக்கொள்கிறேன். இப்போது பளிச்சென்று தெரிகிறதாம். கட்டை அவிழ்த்த அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஹாலில் நின்று, "இந்தத் திரைச்சீலை நீலமா?" என்றார். போன மாதம்தான் அது சாயம் போய்ப் பழுப்பாகிவிட்டது என்று சலவைக்கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். சலவைக்கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அங்கிருந்து நேரே பெரியம்மா வீட்டுக்குப் போய், "தப்பு என்னுதுதான், விளக்கு எரிஞ்சது உங்க தங்கச்சியால இல்ல" என்று சொன்னார். பெரியம்மா காதில் விழவில்லை என்று சொல்லி அதை மூன்று தரம் சொல்லவைத்தாள். அவள் காது எவ்வளவு கூர்மை என்று உனக்குத் தெரியும், அடுத்த தெருவில் பாத்திரம் விழுந்தால் என்ன பாத்திரம் என்று சொல்வாள்.

டாக்டர் அனுமதி தரும்வரை நான்தான் டிரைவர். செவ்வாயும் வெள்ளியும் பெரியம்மா முன் சீட்டில், உன் அப்பா பின் சீட்டில். சும்மா வருவதில்லை, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருகிறார், தரைவிரிப்பில் அந்த இடம் தேய்ந்துபோயிற்று. முந்தாநாள் என் ஓட்டத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, பாஸ் பண்ணலாம் என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அது வருவது ஓட்டுநர்களுக்கு எப்பேர்ப்பட்ட பேறு என்று பார்க்கலாமைக் கேட்டால் சொல்வார்.

சரி, உனக்குச் சில வேலை. வீடியோ அனுப்பினதற்கு ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது, அதைக் கடிதமாகவே எழுது, அலமாரியில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கோள் உனக்குத் தெரிந்ததாகப் போனில் காட்டிக்கொள்ளாதே, தானே சொல்லட்டும், நல்லபடியாகச் சிங்காரித்துச் சொல்வார், ரசித்துக் கேள். வருஷத்துக்கு ஒரு தரம் கண்ணைச் சோதித்துக்கொள், அவர் ரத்தம்தானே உனக்கும், கண்ணிலும் இருக்கும், வாயைத் திறந்து சொல்லாத குணத்திலும் இருக்கும். உன் உடம்பில் எது சரியில்லை என்றாலும் ஜன்னல் கம்பிப் பெயின்ட் அடித்து மறைக்காமல் எனக்குச் சொல். நீயும் உன் வேலையும் செழித்து, மனசும் உடம்பும் ஒருபோல நிறைந்து, பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம்.

மறக்காமல் ஒன்று செய். டிசம்பரில் ஏர்போர்ட்டிலிருந்து வெளியே வரும்போது தூரத்திலிருந்தே அப்பா என்று கூப்பிட்டுவிடாதே. நான் அவரை மூன்றாம் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கிறேன், எனக்குத் தாகம் என்று தள்ளிப்போய்விடுகிறேன். நீ சத்தம் போடாமல் அவருடைய இடது பக்கமாக வந்து நில். திரும்பிப் பார்த்துவிட்டார் என்றால், டாக்டரும் அதற்குள் அனுமதி தந்திருப்பார், சாவியை அவரிடமே கொடுத்துவிடுவோம், வீடுவரை அவரே ஓட்டட்டும், பெருமையாக.

அதுவரை சாவியைக் கையிலும் ரகசியத்தை மனசிலும் வைத்திருக்கும்,
உன் அம்மா